ஊர்ச் சங்கத்துக்குச் சிறு நிதி: நிலைப்பது வேலையா, அமைப்பா?

அரசோ ஓர் அறக்கட்டளையோ ஊர்ச் சங்கம் ஒன்றிடம் சில லட்சம் ரூபாயைக் கொடுத்து, ஊருக்கு எது தேவையோ அதை நீங்களே முடிவெடுத்துச் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னால் என்ன விளையும்? கேள்வி எளிது. கடந்த எழுபது, எண்பது ஆண்டுகளில் இதற்கு வந்த பதில்களோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. வேலை மலிவாகவும் நன்றாகவும் நடக்கும் என்பார் உண்டு. பணம் ஊர்ப் பெரிய வீடுகளுக்குப் போகும் என்பார் உண்டு. ஊரார் தாமாகச் செய்துவந்ததும் நின்றுபோகும் என்பாரும், சங்கம் பணம் கொடுத்தவரின் கிளை அலுவலகமாகிவிடும் என்பாரும் உண்டு. ஒவ்வொரு தரப்பிலும் ஓரளவு சான்று இருக்கிறது.

ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிறு நிதியிடம் இரண்டு விதப் பயன்களை எதிர்பார்க்கிறார்கள். ஒன்று கண்ணுக்குத் தெரிவது: மடை, சாலை, படிப்பகம், குடிநீர்த் தொட்டி. மற்றது அமைப்பு: கூடிப் பேசி, கணக்கு வைத்து, அடுத்த வேலையையும் தானே எடுத்துச் செய்யும் சங்கம். முதலாவதைக் காட்டி இரண்டாவதும் கிடைத்துவிட்டதாகச் சொல்வதும், இரண்டாவது கிடைக்கவில்லை என்பதால் முதலாவதையும் குறைத்து மதிப்பதும் இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. தமிழ்நாட்டு அனுபவத்தை நடுவில் வைத்து, பிற நாடுகளின் ஆய்வுகளையும் துணைக்கு அழைத்து, இந்த நிலைப்பாடுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

பழைய வேர்கள்

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. நம் கேள்விக்கு அவற்றில் உள்ள வேறொரு விதி முக்கியம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. பொதுப்பணத்தை ஊர்க் குழுவிடம் கொடுத்தால் கணக்கு என்னாகும் என்ற கவலைக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயதாகிறது. ஊர் என்றால் யார் என்ற சிக்கலும் அதே கல்வெட்டில் உண்டு. சொந்த மனையும் கால் வேலிக்கு மேல் நிலமும் இருப்பது பொதுத் தகுதி. உத்திரமேரூரோ பிராமண சபை ஆண்ட பிரமதேயம். உழுதவர்களுக்கும் மண் வெட்டியவர்களுக்கும் அந்த ஓலைக் குடத்தில் இடமில்லை.

ஊரார் கூடிப் பாசன வேலை செய்யும் குடிமராமத்து என்ற வழக்கத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது காலனி ஆட்சி. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி பாசன வேலைக்கு ஆள் தர வேண்டியவர் தராமல் போனால் அவரிடம் பணம் வசூலிக்க வழிசெய்தது. மக்கள் தாமாகச் செய்வதை மேலிருந்து செய்விக்க முயலும் முரண், சிறு நிதியின் வரலாறு நெடுகக் கூடவே வருகிறது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கருத்து வேறு வடிவம் எடுத்தது. 1946இல் சென்னை மாகாணம் 34 ஃபிர்க்காக்களில் (குறுவட்டங்களில்) ஃபிர்க்கா வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2 அன்று நாடு தழுவிய சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தது. ஐந்தே ஆண்டில், 1957இல், பல்வந்த்ராய் மேத்தா குழு இத்திட்டம் ஊராரின் சொந்த முயற்சியைத் தூண்டவில்லை என்று முடிவுக்கு வந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளிடம் அதிகாரத்தை ஒப்படைக்கச் சொன்னது. இதற்கு இணையாக இன்னொரு வழியும் ஓடியது. துர்காபாய் தேஷ்முக்கைத் தலைவராகக் கொண்டு 1953இல் அமைந்த மத்திய சமூக நல வாரியம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பணிசெய்த தொண்டு அமைப்புகளுக்கு நேரடியாக மானியம் வழங்கியது. 1986இல் உருவான கபார்ட் என்ற மத்திய அரசு அமைப்பு கிராமப்புறத் தொண்டு நிறுவனங்களுக்கு அதே பணியைச் செய்தது. பின்னாளில் நூற்றுக்கணக்கான நிறுவனங்களை அது கறுப்புப் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியிடம் கொடுப்பதா, மக்கள் தாமாகக் கூடிய சங்கத்திடம் கொடுப்பதா என்ற பிரிவு அன்று தொடங்கியது. இன்றும் அது தீரவில்லை.

ஊரே அறியும் என்ற நம்பிக்கை

சிறு நிதியை ஆதரிப்போரின் அடிப்படை வாதம் அறிவைப் பற்றியது. எந்த மடை ஒழுகுகிறது, எந்த வரத்துக் கால்வாயை யார் ஆக்கிரமித்திருக்கிறார், எந்தத் தெருவுக்குக் கோடையில் தண்ணீர் வராது என்பதெல்லாம் ஊராருக்குத் தெரியும். சென்னையில் மதிப்பீடு போடுபவருக்குத் தெரியாது. தமக்குத் தேவையானதைத் தாமே தேர்ந்தால் தாமே பாதுகாப்பார்கள் என்பது இதன் நீட்சி.

இந்த வாதத்துக்குக் கல்விப்புல வலு சேர்த்த நூல்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ராபர்ட் வேட் ஆந்திரத்தின் கர்நூல் பகுதியில் கால்வாய்ப் பாசன ஊர்களை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூல், பல ஊர்கள் தமக்கென ஒரு குழுவும் பொதுநிதியும் வைத்து, பொதுச் சம்பளத்தில் நீர் பாய்ச்சுபவரையும் காவல்காரரையும் அமர்த்தியிருந்ததைக் காட்டியது. எலினோர் ஆஸ்ட்ரோம் 1990இல், உலகின் பல மூலைகளில் பொதுவளங்களை மக்களே நெடுங்காலம் காத்துவந்த அனுபவங்களிலிருந்து எட்டு நெறிகளை வகுத்தார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

இதே காலத்தில் கொடையாளர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். 1992இல் உலகச் சுற்றுச்சூழல் வசதியகம் தொடங்கிய சிறு மானியத் திட்டம், உள்ளூர் அமைப்புகளின் ஒரு பணிக்கு அதிகபட்சம் 50,000 டாலர் என வரம்பு வைத்தது. 1998இல் இந்தோனேசியாவில் உலக வங்கித் துணையோடு தொடங்கிய கெச்சமாத்தான் வளர்ச்சித் திட்டம் ஊர்களுக்குத் தொகுப்பு மானியம் கொடுத்து, பின்னர் நாடு முழுவதும் விரிந்து, பல நாடுகளுக்கு முன்மாதிரியானது.

ஆனால் வேட் எழுதியதைக் கூர்ந்து படித்தால், மானியம் கொடுக்க விரும்புவோருக்கு அது அவ்வளவு வசதியான சான்று அல்ல. அந்த ஊர்களின் பொதுநிதி வெளியிலிருந்து வரவில்லை. அறுவடைக்குப் பின் மேய்ச்சல் உரிமையை விற்பது போன்ற சொந்த வழிகளில் திரட்டியது. எல்லா ஊர்களிலும் அமைப்பு இருக்கவில்லை. கால்வாயின் கடைமடையில், தண்ணீர் தவறினால் பயிர் போய்விடும் என்ற அச்சம் மிகுந்த இடங்களில்தான் அது வலுவாக இருந்தது. நம் ஊர்களில் ஏரியின் மீன்பாசிக் குத்தகையும், கரையில் நிற்கும் கருவேல மரத்தின் ஏலப் பணமும், தலைக்கட்டு வரியும் இப்படிப்பட்ட நிதிகளே. தன் தேவையால் தானே எழுந்த அமைப்பு ஒன்று. பணம் வருகிறது என்பதால் கூடிய அமைப்பு வேறொன்று. முன்னதைப் பற்றிய சான்றைப் பின்னதுக்குக் கடன் வாங்குவது இந்த நிலைப்பாட்டின் பெரிய பலவீனம்.

பணம் யார் கைக்குப் போகிறது

கசாலா மன்சூரியும் விஜயேந்திர ராவும் 2013இல் உலக வங்கிக்காக எழுதிய பெருநூல் ஏறத்தாழ ஐந்நூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பங்கேற்புத் திட்டங்களில் முன்னால் வருபவர்கள் பெரும்பாலும் ஓரளவு வசதியும் படிப்பும் செல்வாக்கும் உள்ள ஆண்கள் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. இத்தகைய திட்டங்களுக்குப் பெருமளவு பணம் கொடுத்த நிறுவனமே இதை வெளியிட்டது என்பதால் இதற்குத் தனி எடை உண்டு.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூல் தவிர்க்க முடியாதது. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களின் வரலாற்றை ஆராய்ந்த அவர், முன்னொரு காலத்தில் ஊர் ஒற்றுமையாகக் கண்மாயைக் காத்தது என்ற சித்திரத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். அரசர்களின் கொடையும் கோயில் மரியாதையும் சாதி அதிகாரமும் கண்மாய் நிர்வாகத்தோடு பிணைந்திருந்தன. மடை திறந்து நீர் பாய்ச்சும் வேலை பல ஊர்களில் தலித்துகளுக்கு விதிக்கப்பட்ட ஊழியமாக இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் பழைய ஊர் அமைப்பை உயிர்ப்பிக்கிறோம் என்று பணம் கொடுப்பவர், பழைய படிநிலைக்கும் சேர்த்தே பணம் கொடுக்கக்கூடும்.

2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினக் கடலோரத்தில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் இல்லாவிட்டால் நிவாரணம் அவ்வளவு விரைவாகவும், வீட்டுக்கு வீடு சமமாகவும் போய்ச் சேர்ந்திருக்காது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். வரி செலுத்தும் ஆண்களைத் தலைக்கட்டாக எண்ணும் அதே முறையில் கணவனை இழந்த பெண்களும், அந்த ஊர்களை ஒட்டி வாழ்ந்த பிற சாதிக் கூலித் தொழிலாளர்களும் ஓரம்கட்டப்பட்டதையும் பதிவுசெய்தார்கள். ஒரே அமைப்புதான் இரண்டையும் செய்தது. இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவது நேர்மையாகாது.

இந்த நிலைப்பாட்டுக்கும் வரம்புகள் உண்டு. அலாதாஸும் உடன் ஆய்வாளர்களும் இந்தோனேசியாவில் நலத்திட்டங்களை ஆராய்ந்தபோது, ஊர்ப் பதவியில் இருப்போரின் குடும்பங்கள் கூடுதலாகப் பயன்பெற்றது உண்மை. ஆனால் அதனால் ஏழைகளுக்கு நேர்ந்த இழப்பு சிறிது என்று கண்டார்கள். பெஞ்சமின் ஓல்கன் அதே நாட்டில் நடத்தி 2007இல் வெளியிட்ட சாலைப் பணிச் சோதனை இன்னும் குறிப்பானது. 600க்கு மேற்பட்ட ஊர்களில் நடந்த இதில், கட்டாயம் தணிக்கை வரும் என்று முன்கூட்டிச் சொன்ன ஊர்களில் கணக்கில் காணாமல்போன தொகை சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. ஊர்க் கூட்டத்துக்கு மக்களை அதிகமாக அழைத்ததால் மட்டும் சராசரியாகப் பெரிய மாற்றம் இல்லை. ஊரார் கண்காணித்தால் போதும் என்பாருக்கு இது கசப்பான செய்தி. ஊர் என்றாலே சுரண்டல் என்பாருக்கும் அப்படியே: ஓர் எளிய தணிக்கை விதி கணிசமான பணத்தைக் காப்பாற்றியிருக்கிறது. வளர்ச்சிப் பொருளாதார அறிஞர் பிளாட்டோ பரிந்துரைத்த வழியும் இதே திசையில் செல்கிறது. முழுத் தொகையையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல், முதல் தவணையின் கணக்கு ஊர் முன் வந்த பிறகே அடுத்ததைக் கொடுப்பது.

குடிமராமத்து: பங்களிப்பு விதியின் சோதனை

ஊரார் தம் பங்கைப் போட்டால் தம் வேலையாக எண்ணுவார்கள் என்பது மானியம் கொடுப்போரின் பழைய விதி. 1997-98இல் வந்த நமக்கு நாமே திட்டமும், 2011க்குப் பின் வந்த தன்னிறைவுத் திட்டமும், 2021-22இல் மறுபடி வந்த நமக்கு நாமே திட்டமும் இதன் மேல் நின்றவை. பின்னவற்றில் பொதுமக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று. இவ்வளவு பணத்தைத் திரட்ட முடிகிற தெருவுக்கும், கொடையாளர் ஒருவர் வாய்த்த ஊருக்கும் அரசுப் பணம் கூடுதலாகப் போகும் என்பது இந்த விதியின் வெளிப்படையான குறை. தேவை எங்கே அதிகமோ அங்கே பங்களிக்கும் சக்தி குறைவு.

குடிமராமத்துத் திட்டம் இதைவிட நுட்பமான பாடத்தைத் தருகிறது. 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கி வைக்கப்பட்ட இத்திட்டத்தின் முதல் கட்டத்தில் 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆயக்கட்டுதாரர்களோ அவர்களின் பாசனச் சங்கமோ வேலையைச் செய்ய வேண்டும். செலவில் பத்து சதவீதத்தைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். சராசரியாக ஒரு பணிக்கு ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஊரின் பங்கு அறுபது, எழுபதாயிரம். நாற்பது குடும்பங்கள் சேர்ந்து டிராக்டரும் ஆளும் கொடுத்தால் ஈடுகட்டக்கூடிய தொகை இது.

2019-20இல் 1,829 பணிகளுக்குச் சுமார் 500 கோடி ஒதுக்கப்பட்டது. சராசரி இருபத்தேழு லட்சத்துக்குப் போய்விட்டது. பத்து சதவீதம் என்றால் இரண்டே முக்கால் லட்சம். வேலைகளும் ஊரார் மண்வெட்டியோடு போய்ச் செய்யும் அளவில் இருக்கவில்லை. கரையைப் பலப்படுத்தவும் கலங்கலைக் கட்டவும் பொக்லைனும் சிமெண்ட்டும் முன்பணமும் வேண்டும். பில் வரும்வரை அந்த முன்பணத்தைப் போடக்கூடியவர் ஒப்பந்ததாரர் ஒருவரே. சங்கத்தின் பெயரில் ஆளுங்கட்சிக்கு வேண்டிய ஒப்பந்ததாரர்கள் வேலை செய்கிறார்கள், சில இடங்களில் இரவோடு இரவாகப் புதுச் சங்கங்கள் முளைத்தன என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஒவ்வொரு குற்றச்சாட்டும் மெய்யா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. தொகையின் கணக்கோ தெளிவாக ஒரு திசையைக் காட்டுகிறது. ஊர்ச் சங்கத்தின் கைக்கு அடங்கும் அளவைத் தாண்டியபோது பங்களிப்பு விதி காகிதத்தில் மட்டும் நின்றிருக்கவே வாய்ப்பு அதிகம். நிதி சிறியதாக இருப்பது ஒரு குறையல்ல. இந்த முறைக்கு அதுவே உயிர் என்று நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2016இல் நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர்வரை நடக்கவில்லை. தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்திய காலத்தில்தான் குடிமராமத்து தொடங்கியது. பயனாளிகளின் சங்கத்தை மேற்பார்க்கவோ எதிர்த்துக் கேட்கவோ தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் அப்போது இல்லை.

ஊராட்சியா, தனிக் குழுவா

ஜேம்ஸ் மேனர் 2004இல் எழுதிய கட்டுரையொன்று பயனாளர் குழுக்களை அதிகாரப் பரவலின் இரண்டாம் அலை என்றும், அந்த அலை, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகள் என்ற முதல் அலையைச் சேதப்படுத்தக்கூடும் என்றும் எச்சரித்தது. தண்ணீருக்கு ஒரு குழு, காட்டுக்கு ஒரு குழு, பள்ளிக்கு ஒரு குழு என்று துறைதோறும் பணத்தோடு குழு அமைத்தால், அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தின் வழியே வந்த ஊராட்சி பணமில்லாத பெயர்ப்பலகையாகிவிடும். கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தின் வழியே திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடமே கொடுத்து வேறு பாதை எடுத்தது. பதினான்காம் நிதிக்குழு 2015-20க்கு கிராம ஊராட்சிகளுக்கென இரண்டு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் பரிந்துரைத்தது. இந்தோனேசியாவும் 2014இன் ஊர்ச் சட்டத்தால் மானியத்தை உரிமையாக்கி, ஆண்டுதோறும் ஊருக்கு நிதி வழங்கத் தொடங்கியது.

ஊராட்சி வாதம் வலுவானது என்றாலும் முழுமையானது அல்ல. ஊராட்சித் தலைவரோடு ஒத்துவராத தெரு, அவருடைய சாதியைச் சேராத குடியிருப்பு, ஊராட்சிக்கு அக்கறை இல்லாத இளைஞர் நூலகம் ஆகியவற்றுக்கு இன்னொரு கதவு திறந்திருப்பது தேவை. இரண்டில் எது என்று கேட்பதைவிட, எந்த வேலைக்கு எந்தக் கதவு என்று கேட்பது பொருத்தமாக இருக்கலாம். இதை ஒப்பிட்டு அளந்த ஆய்வுகள் குறைவு.

தானாக நடந்ததை நிறுத்திவிடுமா

வெளிப்பணம் வந்தால் ஊர்ப் பணம் பின்வாங்கும் என்ற ஐயத்துக்கு ஆந்திரப் பள்ளிகளில் நடந்த ஆய்வு நல்ல சான்று. ஜிஷ்ணு தாஸ், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் 2013இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, பள்ளிகளுக்கு எதிர்பாராமல் மானியம் வந்த முதல் ஆண்டில் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்தது. மானியம் வரும் என்று தெரிந்த அடுத்த ஆண்டில் பெற்றோர் நோட்டுக்கும் பென்சிலுக்கும் செலவிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள்; தேர்ச்சியில் கூடுதல் இல்லை. ஜாம்பியாவிலும் இதே போக்கு தெரிந்தது. ஏழைக் குடும்பத்துக்கு நோட்டுச் செலவு மிஞ்சியதும் ஒரு நன்மைதான் என்பதை மறக்கக் கூடாது. கொடுத்தவர் எதிர்பார்த்த நன்மை அது அல்ல, அவ்வளவே.

இந்த முடிவை ஊர்ச் சங்கங்களுக்கு அப்படியே பொருத்தலாமா என்பது சந்தேகம். வீட்டுச் செலவைக் குறைப்பது ஒரு குடும்பத்தின் முடிவு. ஊரின் பொது உழைப்பு நிற்பதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. கிணற்றுப் பாசனமும் மோட்டாரும் வந்து, ஏரியை நம்பாத விவசாயி பெருகியது கரை வேலைக்கு ஆள் குறைந்ததற்கு மானியத்தைவிடப் பெரிய காரணமாகத் தோன்றுகிறது.

கொடுப்பவரின் நிழலும் காகிதத்தின் பாரமும்

1964இல் அமெரிக்காவின் வறுமை ஒழிப்புச் சட்டம், ஏழைகளின் இயன்றமட்டுமான முழுப் பங்கேற்போடு உள்ளூர் அமைப்புகளை உருவாக்கிப் பணம் கொடுக்கச் சொன்னது. அந்த அமைப்புகள் நகர நிர்வாகங்களையே எதிர்த்துக் கேட்கத் தொடங்கியதும் மேயர்கள் கொதித்தார்கள். 1967இல் வந்த திருத்தம் கட்டுப்பாட்டை உள்ளூர் அரசுகளின் பக்கம் திருப்பியது. பணம் கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளும் எல்லை வரைதான் சங்கத்தின் சுதந்திரம் என்று விமர்சகர்கள் இதிலிருந்து முடிவுகட்டினார்கள்.

இந்தியாவில் இந்த நிழல் பெரும்பாலும் விதிகளின் வழியாகவே விழுகிறது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், அந்நிதியைப் பெற்ற ஒரு நிறுவனம் மற்றொன்றுக்குக் கொடுப்பதை முழுதாகத் தடைசெய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பதிவு கேட்கும் நிறுவனம் மூன்றாண்டு இயங்கி, அந்தக் காலத்தில் 15 லட்சமாவது செலவிட்டிருக்க வேண்டும். முறைகேடுகளைத் தடுப்பது நோக்கம் என்று அரசு சொல்கிறது. அந்தக் கவலை பொய்யானது அல்ல. விளைவு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெரிய நிறுவனம் ஒன்று வெளிப்பணத்தை வாங்கி, கணக்குப் பொறுப்பைத் தான் சுமந்து, ஐம்பதாயிரம் ஒரு லட்சம் என்று சிறு ஊர் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்த வழி இதனால் அடைபட்டது. அந்தச் சிறு அமைப்பு தானே நேரடியாகப் பதிவு வாங்குவது நடக்கிற காரியம் அல்ல.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி அந்த இடத்தை நிரப்பும் என்று எதிர்பார்த்தோர் உண்டு. 2014 ஏப்ரல் முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் செலவிட வேண்டும். அதைச் செயல்படுத்தும் தொண்டு அமைப்புகள் வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகளோடு கம்பெனி விவகார அமைச்சகத்திலும் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி 2021இல் வந்தது. ஆடிட்டரும் பான் அட்டையும் பயன்பாட்டுச் சான்றிதழும் ஐம்பது லட்சத்துக்கு நியாயமானவை. ஐம்பதாயிரத்துக்கு அதே காகிதம் என்றால், வேலை செய்யத் தெரிந்தவர் விலகி, காகிதம் எழுதத் தெரிந்தவர் மிஞ்சுவார்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் பதிவில்லாத சுயஉதவிக் குழுக்களும் வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி வழிவிட்டது. பின்னர் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம், சுழல்நிதி கொடுக்கும் முன் ஐந்து பழக்கங்களை மட்டும் பார்த்தது: தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்தல், கணக்கு எழுதுதல். சான்றிதழ் கேட்காமல் நடத்தையைக் கேட்ட முறை இது. அந்தச் சலுகை ஏன் ஏரிச் சங்கத்துக்கும் படிப்பகத்துக்கும் நற்பணி மன்றத்துக்கும் எட்டவில்லை என்ற கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை.

சோதனைகள் காட்டியது

மேற்சொன்ன வாதங்களை நேரடியாக அளக்க நடந்த ஆய்வுகளில் சியரா லியோனின் கோபைஃபோ திட்டம் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. கேத்ரின் கேசி, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், எட்வர்ட் மிகேல் ஆகியோர் 236 ஊர்களில் பாதியைக் குலுக்கலில் தேர்ந்து, ஊருக்கு 4,667 டாலர் மானியமும் நீண்ட வழிகாட்டலும் கொடுத்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொதுக் கட்டடங்களும் சந்தை நடவடிக்கையும் கூடின. பெண்களும் இளைஞர்களும் முடிவெடுப்பதில் மாற்றம் இல்லை. திட்டம் முடிந்தபின் கட்டுமானப் பொருள் வாங்கும் சீட்டு ஒன்றை எல்லா ஊர்களுக்கும் கொடுத்து, ஊர் தன் பங்கைத் திரட்டினால்தான் அது செல்லும் என்றார்கள். முன்பு மானியம் பெற்ற ஊர்கள் பெறாத ஊர்களைவிட இதில் முன்னேறி இருக்கவில்லை. பல ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தபோதும் கட்டியவை பயன்தந்தன. அமைப்பில் மாற்றம் காணப்படவில்லை. 2018இல் ஹோவர்ட் ஒயிட்டும் உடன் ஆய்வாளர்களும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்தபோதும், சமூக ஒற்றுமையிலும் ஆட்சிமுறையிலும் இத்திட்டங்களின் விளைவு ஏறத்தாழ இல்லை என்றே முடிவு வந்தது.

இதற்கு எதிர்த்திசையில் நிற்கும் சான்று தமிழ்நாட்டிலிருந்து வருவது கவனிக்கத்தக்கது. 2005இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய புது வாழ்வுத் திட்டம், பெண்களின் குழுக்களை மையமாக வைத்து ஊர்தோறும் வறுமை ஒழிப்புச் சங்கத்திடம் நேரடியாக நிதி கொடுத்து, சமூகத் தணிக்கைக் குழுவையும் வைத்தது. அது நடந்த ஊர்களில் கந்துவட்டிக் கடன் குறைந்ததாக ஒரு மதிப்பீடு சொன்னது. கிராம சபைப் பேச்சுகளை எழுத்தில் பதிந்து ஆராய்ந்த பார்த்தசாரதி, ராவ், பழனிசாமி ஆகியோர், அந்த ஊர்களில் பெண்கள் சபைக்கு வருவதும் பேசுவதும் கூடியதைக் கண்டார்கள். அதே ஆய்வாளர்கள், பொதுவாகக் கிராம சபையில் பெண்களின் பேச்சுக்கு அதிகாரிகளிடமிருந்து பதில் கிடைப்பது ஆண்களைவிடக் குறைவு என்றும் காட்டியிருக்கிறார்கள். ஆப்பிரிக்க ஆய்வும் இதுவும் ஏன் வேறுபடுகின்றன? புது வாழ்வு பத்தாண்டுக்கு மேல் நடந்தது. அதற்கு முன்பே, 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்களின் அனுபவம் கீழே இருந்தது. கால நீளமும் ஏற்கெனவே இருந்த அமைப்பும்தான் காரணம் என்று ஊகிக்கலாம். நிரூபணமாகவில்லை.

தீராதவை

இதுவரை வந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால், சிறு நிதி பொருளை உண்டாக்கும் என்பதில் ஐயம் குறைவு. ஊரின் அதிகாரத்தை அது தானாக மாற்றும் என்ற கூற்றுக்கு ஆதரவு மெலிந்தது. தணிக்கையும் தவணையும் உதவுகின்றன. தொகை சங்கத்தின் கைக்கு மீறும்போது சங்கம் முகமூடியாகிறது என்பது தமிழ்நாட்டளவில் நம்பத்தகுந்த கருதுகோள்.

பராமரிப்பு இன்னும் இருட்டிலேயே இருக்கிறது. மானியங்கள் கட்டுவதற்கே வருகின்றன. ஆண்டுதோறும் மடையின் ஷட்டருக்கு எண்ணெய் போடவும், நூலகத்துக்கு மின்கட்டணம் கட்டவும் வருவதில்லை. சிறு தொகையைப் பத்தாண்டுக்குத் தொடர்ந்து கொடுத்தால் என்னாகும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. இங்கிலாந்தில் லாட்டரி நிதியைக் கொண்டு 150 பகுதிகளுக்குக் குறைந்தது 10 லட்சம் பவுண்டு வீதம் ஒதுக்கி, பத்து முதல் பதினைந்து ஆண்டுக்குள் குடியிருப்போரே தீர்மானித்துச் செலவிடவிட்ட பிக் லோக்கல் திட்டம் இருக்கும் சிலவற்றில் ஒன்று. அந்தத் தொகை நம் அளவுக்குச் சிறியதும் அல்ல, அந்தப் பகுதிகள் நம் ஊர்களும் அல்ல. வழிகாட்டலின் செலவும் தெளிவில்லை. கோபைஃபோவில் மானியத்துக்கு ஏறத்தாழ ஈடான பணம் வழிகாட்டலுக்கும் நிர்வாகத்துக்கும் போனது. அது இல்லாமல் கொடுத்திருந்தால் விளைவு குறைந்திருக்குமா என்பதை அந்தச் சோதனை சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் இவற்றுக்கு விடை தேடப் புதுத் திட்டம் எதுவும் வேண்டியதில்லை. 2016-17 நிதியாண்டின் கீழ்ப் பணி ஒதுக்கப்பட்ட 1,519 இடங்களின் பட்டியலும், 2019-20இன் 1,829 இடங்களின் பட்டியலும் அரசிடம் இருக்கின்றன. இரண்டிலும் கணிசமான எண்ணிக்கையைக் குலுக்கலில் எடுத்து, அந்தச் சங்கம் வேலை முடிந்தபின் எத்தனை முறை கூடியது, தீர்மானப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது, கடைசியாக மடையைப் பழுதுபார்த்தது யார், பணம் எங்கிருந்து வந்தது, கூட்டத்தில் நிலமற்றவரும் பெண்களும் இருந்தார்களா என்று கேட்டால் போதும். ஏழு லட்சம் பெற்ற ஊருக்கும் இருபத்தேழு லட்சம் பெற்ற ஊருக்கும் இடையே சங்கத்தின் ஆயுளில் வேறுபாடு உண்டா என்பது அப்போது தெரியவரும்.